ஒரே அழுத்தத்தில் ஒன்பது படங்கள்

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில், பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் பள்ளி பீரோவில் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று கிடக்கிறதா? இருப்பவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லையே, நான் நினைத்ததைவிட அதிகம்தான்.

எங்கள் பள்ளியில் இருப்பது முன்னாள் மாணவர் ஒருவர் ஆண்டு விழாவுக்காக வாங்கித் தந்தது. உள்ளங்கை அளவு, வெள்ளி நிறம். எல்லோர் கையிலும் நல்ல போன் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. உலகத்துக்கே அதுதான் கதை. 2010-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு சரிவுதான். ஸ்டாக் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது ஒருநாள் அதை எடுத்தேன். பேட்டரியைச் சார்ஜ் போட்டேன், உயிர் வந்துவிட்டது.

போனிலேயே எல்லாம் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பீர்கள். என் போனை ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் நான் தரமாட்டேன். நீங்களும் தரமாட்டீர்கள். இந்தக் கேமராவைத் தரலாம். இதில் அழைப்பு வராது, வாட்ஸ்அப் கிடையாது. எடுத்த படம் கார்டைக் கழற்றினால்தான் வெளியே போகும். அந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இன்று பேச வந்தது அந்தக் கேமராவில் இருக்கும் ஒரே ஒரு வசதியைப் பற்றி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று சின்னச் செவ்வகங்கள் போல ஒரு படம் பொத்தானிலோ மெனுவிலோ இருக்கும். அதுதான் தொடர் படப்பிடிப்பு. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் கேமரா விடாமல் படம் எடுத்துக்கொண்டே போகும். விரலை எடுத்தால் நிற்கும். சில கேமராக்களில் ஐந்தாறு படத்தோடு தானாகவே நின்றுவிடும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். எடுத்த படங்களைக் கார்டில் எழுதி முடிக்க அதற்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். விளக்கு சிமிட்டி நின்ற பிறகு மறுபடி எடுக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் கேமரா எவ்வளவு வேகம் என்று நீங்களே அளந்து பார்ப்பது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வெளிச்சத்தைப் பொறுத்தும் படத்தின் அளவைப் பொறுத்தும் அது மாறும். போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, அதன் முன்னால் கேமராவை வைத்துப் பத்துப் படம் எடுங்கள். எங்களுடையதில் முதல் படத்தில் 3.12 விநாடி, பத்தாவது படத்தில் 7.62 விநாடி. ஆக நாலரை விநாடியில் ஒன்பது இடைவெளிகள். பத்து இல்லை, ஒன்பது. இங்கே பெரியவர்களும் தடுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் அரை விநாடி. அந்த அரை விநாடி தெரிந்துவிட்டால் இந்தக் கேமரா ஓர் அளவுக்கருவி.

இதை முதலில் செய்து காட்டியவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். 1878-இல், கலிபோர்னியாவில். குதிரை பாய்ந்து ஓடும்போது நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுகின்றனவா என்பது அந்தக் காலத்தில் பெரிய விவாதம். அவர் ஓடுபாதை ஓரம் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டினார். குதிரை நூலை அறுக்க அறுக்க ஒவ்வொரு கேமராவாகப் படம் எடுத்தது. நான்கு கால்களும் எழுகின்றன என்று தெரிந்தது. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல. கால்கள் வயிற்றுக்கு அடியில் கூடும்போதுதான் எழுகின்றன. நம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். நம் சிற்பி அதைப் பாயவிடவில்லை, பின்னங்காலில் நிமிர்த்தி நிறுத்திவிட்டான். அந்த விவாதத்தில் அவன் மாட்டவே இல்லை.

சரி, வகுப்புக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பில் இயக்கம் நடத்தும்போது முடுக்கம் என்ற சொல் பிள்ளைகளுக்குச் சூத்திரமாக மட்டும் போய்ச் சேர்கிறது. முதலில் நான் பந்தை மேலிருந்து போட்டுப் படம் எடுத்தேன். தோல்வி. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழ ஒரு பந்துக்கு முக்கால் விநாடிகூட ஆகாது. அரை விநாடிக்கு ஒரு படம் எடுக்கும் கேமராவுக்கு ஒரு படம் கிடைக்கும், மிஞ்சினால் இரண்டு. அப்போதுதான் கலிலியோ ஏன் சாய்தளத்தைப் பிடித்துக்கொண்டார் என்பது எனக்கே புரிந்தது. விழும் வேகத்தை அளக்க அவரிடம் கடிகாரம் இல்லை. அதனால் விழுவதை மெதுவாக்கிக்கொண்டார். இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், அது தோன்றவில்லை.

இரண்டு மீட்டர் மரப்பலகை, ஒரு முனையின் கீழே ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் புத்தகங்கள், பலகையின் ஓரத்தில் ஒட்டிய தாள் அளவுகோல், ஒரு கோலிக்குண்டு. கேமராவைப் பக்கவாட்டில், நகராமல், ஸ்டூல்மேல் வையுங்கள். கோலி பலகையைக் கடக்க நாலைந்து விநாடி ஆகும். ஒன்றுவிட்டு ஒரு படத்தை எடுத்துக்கொண்டால் விநாடிக்கு ஒரு படம். எங்கள் பிள்ளைகள் அளந்தது: முதல் விநாடியில் 12 செ.மீ., அடுத்து 29, அடுத்து 47, அடுத்து 65. எண்கள் ஏறுகின்றன என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு ஏறுகின்றன என்று கேட்டேன். 17, 18, 18. ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ அதே அளவு கூடுகிறது. முடுக்கம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன். முதல் எண் எட்டோ ஒன்பதோ வரவேண்டும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். கோலியை விட்ட நொடியும் படம் விழுந்த நொடியும் ஒன்றாக அமையாது. அதனால் முதல் எண் தள்ளிப்போகும், வித்தியாசம் தள்ளிப்போகாது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

ஊசலில் ஒரு வேடிக்கை நடந்தது. 25 செ.மீ. நூலில் கட்டிய குண்டு ஒருமுறை போய்வர ஒரு விநாடி எடுக்கும். எங்கள் கேமராவுக்கு அரை விநாடி. விளைவு, ஒரு படத்தில் குண்டு இடது ஓரம், அடுத்ததில் வலது ஓரம், மறுபடி இடது, மறுபடி வலது. ஒரு பெண் கேட்டாள்: "அப்போ இது நடுவுல போகவே இல்லையா டீச்சர்?" வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. இரண்டு படங்களுக்கு நடுவே நடந்தது எதுவும் நம்மிடம் இல்லை. நூலை ஒரு மீட்டராக்கினால் நான்கு இடங்கள் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதும் இதே கதைதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதில் குழம்புகிறார்கள். தொடர்ந்து எடுப்பதால் ஓடும் பொருள் தெளிவாக உறைந்துவிடாது. ஒரு படத்துக்குள் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது வேறு, படத்துக்கும் படத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பது வேறு. வெயிலில் எடுத்தால் ஷட்டர் சட்டென்று மூடிவிடும், படம் தெளிவு. அறைக்குள் எடுத்தால் கலங்கும். ஃப்ளாஷ் உதவாது, பெரும்பாலான சிறிய கேமராக்களில் தொடர் படப்பிடிப்பின்போது ஃப்ளாஷ் வேலையே செய்யாது. இன்னொன்று, கூர்மையையும் வெளிச்சத்தையும் முதல் படத்திலேயே நிர்ணயித்துவிட்டு அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளும் கேமராக்கள்தான் அதிகம். நம்மை நோக்கி ஓடிவரும் பிள்ளை மூன்றாவது படத்தில் மங்கிவிடுவான். குறுக்கே ஓடவிடுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, பச்சை விளக்கு வந்ததும் முழுதாக அழுத்துங்கள்.

இனி, இந்தக் கேமராவை நான் தறிக்கு எடுத்துப்போன கதை.

எங்கள் பள்ளியில் படிப்பவர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. ஏழாம் வகுப்பில் தமிழாசிரியர் "என் பெற்றோரின் தொழில்" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, அவர்களில் பலர் "அப்பா கூலி வேலை செய்கிறார்" என்று ஒரு வரியில் முடித்திருந்தார்கள். அது எங்கள் இருவருக்கும் உறுத்தியது. உலகம் முழுக்கப் பேர்போன சேலை. அதை நெய்பவரின் பிள்ளைக்கு அதைப் பற்றி எழுத இரண்டாவது வரி இல்லை. கோர்வை போடுவதைப் படம் படமாக எடுத்து வகுப்பில் ஒட்டலாம் என்று முடிவு செய்தோம்.

இந்த ஊர் ஆசிரியர்களுக்குக் கோர்வையை நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து மாறுதலில் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடாக்கள். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஊடைக்கும் இப்படி. குழியில் உட்கார்ந்து கால்மிதியை மிதிக்கும் நெசவாளர் ஒருவருக்கு இரண்டு கை போதாது. பக்கத்தில் உட்கார்ந்து மறுபக்கக் கரையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டுக்கு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். அவன் கணக்கில் கெட்டி. ஆனால் அடிக்கடி வரமாட்டான், கேட்டால் காய்ச்சல் என்பான். தறி பற்றிக் கேட்டால் "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்பான். அவன் அப்பா, "வாங்க டீச்சர், பக்கத்துல உட்கார்ற ஆளு இன்னிக்கு வரல. நீங்க வந்திருக்கீங்கன்னு தம்பிய கொஞ்ச நேரம் உட்காரச் சொல்றேன்" என்றார். பையன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். நான் படம் எடுத்தேன். அறையில் ஒரே குழல்விளக்கு. நாடா வெறும் கோடாகத்தான் விழுந்தது. (அந்தக் கோட்டையும் வீணாக்காதீர்கள். கோட்டின் நீளம் 12 செ.மீ., ஷட்டர் நேரம் 1/15 விநாடி என்றால், வேகம் விநாடிக்கு 180 செ.மீ. ஷட்டர் நேரத்தைப் படத்தின் விவரத்தில் பார்க்கலாம்.) நான்கு முறை அழுத்தினேன், ஒவ்வொரு முறையும் ஒன்பது படங்கள்.

அன்றிரவு கணினியில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். முதலில் நாடாவைத்தான் பார்த்தேன். பிறகு பையன் முகத்தைப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அவன் தறியைப் பார்க்கவில்லை, என் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகுதான் அவன் கையைப் பார்த்தேன். நாடா வருவதற்கு முந்தைய படத்திலேயே அவன் கை அந்த இடத்தில் இருந்தது. நான்கு வரிசையிலும் அப்படியே. கண் பார்க்காமலே கை போய் நிற்கிறது. கொஞ்ச நேரம் உட்காரச் சொன்ன பிள்ளையின் கை அப்படிப் போகாது. ஒரே ஒரு படம் எடுத்திருந்தால், அப்பாவும் மகனும் தறியில் உட்கார்ந்திருக்கும் அழகான படம் என்று அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பேன்.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் வராத நாட்கள் இருபத்தாறு.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. தறியின் பக்கத்து இடத்தில் ஒரு காலத்தில் பெரும்பாலும் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் இங்கே சிறப்புப் பள்ளிகள் நடந்தன. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரப் பலர் தெருத்தெருவாக அலைந்தார்கள். இன்று அந்த நிலை வெகுவாக மாறிவிட்டது. மாறிவிட்டது என்று நம்பிப் பதிவேட்டில் 'காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டிருந்தது நான்தான்.

கேமரா இல்லாமல் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாதான் எப்போதும் பக்கத்தில் உட்காருவாராம். தோள்வலி வந்து கை தூக்க முடியவில்லை. ஆள் வைத்தால் சேலைக்குக் கிடைக்கும் கூலியில் ஒரு பங்கு போய்விடும். முகூர்த்த மாதத்துக்கு வாங்கிய முன்பணம் வேறு. "மூணு மாசம்தான் டீச்சர், அப்புறம் ஒழுங்கா அனுப்பிடறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மகன் கணக்கில் எத்தனை மதிப்பெண் எடுத்தான் என்று தேதி வாரியாகச் சொன்னார்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நெசவாளர் ஒருவர் இருக்கிறார். நான் பேசியதைவிட அவர் பேசியதுதான் வேலைக்கு ஆனது. கையிலிருந்த பாவு முடியும்வரை உறவுக்காரப் பெண்மணி ஒருவர் காலையில் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த பாவை, கரையும் உடலும் ஒரே நிறத்தில் வரும் சேலைக்குப் போட்டுக்கொண்டார். அதற்குப் பக்கத்து ஆள் வேண்டாம். கூலி குறைவு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பையன் வகுப்புக்கு வந்தான். அந்த வீட்டில் அதற்கு ஒரு விலை கொடுத்தார்கள், அது என் சம்பளத்திலிருந்து போகவில்லை.

அந்த முப்பத்தாறு படங்களை வகுப்பில் காட்டவில்லை. பையன் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டேன். முன்பு கார்டைப் பற்றிச் சொன்னேனே, அது இதற்காகத்தான். என் போனில் எடுத்திருந்தால் அன்று மாலையே ஏதாவதொரு குழுவில் போட்டிருப்பேன், "நம் மாணவனின் கைவண்ணம்" என்று. பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது வீட்டாரைக் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை முழுதாகப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சில மாதம் கழித்து அந்தப் பையனே கேமராவைக் கேட்டு வாங்கிப் போனான். உறவினர் வீட்டுத் தறியில் பெரியவர்கள் இருவர் கோர்வை போடுவதை எடுத்து வந்தான். என்னைவிட நன்றாக எடுத்திருந்தான். தறியை ஜன்னல் வெளிச்சம் படும் நேரம் பார்த்து எடுத்தானாம், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள். படங்களை அச்செடுத்து நான் சார்ட்டில் ஒட்டினேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், அஞ்சும் ஆறும் மாறிப்போச்சு" என்றான். பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. "இதுல கரை நூல் இன்னும் கோக்கல, இதுல கோத்தாச்சு" என்று விரல் வைத்துக் காட்டினான். பிரித்து மாற்றி ஒட்டினேன். நாடா, ஊடை, பாவு, முந்தி என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியதும் அவன்தான். கட்டுரை மறுபடி எழுதச் சொன்னபோது வகுப்பில் பலர் ஒரு பக்கம் எழுதினார்கள். சிலர் இன்னும் "கூலி வேலை" என்றுதான் எழுதினார்கள், அதுவும் பொய்யில்லையே.

நேரமாகிவிட்டது. கோயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. கைலாசநாதர் கோயிலுக்கும் வரதர் கோயிலுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இருட்டான மண்டபத்தில் படம் ஆடிப்போகும். அங்கேயும் தொடர் படப்பிடிப்பு கைகொடுக்கும். பொத்தானை அழுத்தும் விரல்தான் கேமராவை ஆட்டுகிறது, அந்த ஆட்டம் முதல் படத்தோடு போய்விடும். மூன்றாவது, நான்காவது படத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் தெளிவு. குழுப் படத்துக்கும் இதே வழி. நாற்பது பிள்ளைகளில் யாராவது ஒருவர் கண்ணை மூடியே தீருவார், சில சமயம் தலைமையாசிரியரே. வேடந்தாங்கலுக்குப் போனால் (இப்போது அது செங்கல்பட்டு மாவட்டம், ஆனாலும் நமக்குப் பக்கம்தான்) கூட்டுக்குத் திரும்பும் நாரையைத் துரத்தாதீர்கள். கூட்டின்மேல் பாதி அழுத்தி வைத்துக் காத்திருங்கள், அது அங்கேதான் வந்தாக வேண்டும்.

மேசையில் நான்கு கேமராக்கள் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்கிப்பிங் கயிறும் இருக்கிறது. நான்கு குழுவாக வராந்தாவுக்கு வாருங்கள். ஒருவர் குதிக்க, ஒருவர் எடுக்க, ஒருவர் ஸ்டாப்வாட்ச் பார்க்க. முதலில் உங்கள் கேமராவின் இடைவெளியைக் கண்டுபிடித்து இந்தப் பலகையில் எழுதுங்கள். பத்துப் படத்துக்கு ஒன்பது இடைவெளி, மறந்துவிடாதீர்கள்.